எஸ்க்யூலைட் கோப்பை இறக்கிப் பார்ப்பதும் சோதிப்பதும்: தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் பகுதியில் ஒரு சின்ன வாசகசாலை இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், நான்கு மேசைகள், ஒரு கணினி. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் பொறுப்பு. போன மழைக்காலத்தில் ஒருநாள் அவர் போன் செய்தார். “தம்பி, புத்தகமெல்லாம் அலமாரியில அப்படியே இருக்கு. கம்ப்யூட்டர்லதான் ஒண்ணையும் காணோம்.”

போய்ப் பார்த்தேன். பட்டியல் மென்பொருளைத் திறந்ததும் ஒரே ஒரு வரி வந்து நின்றது: டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு. முதல் நாள்தான் புதுக் கணினிக்கு மாறியிருந்தார்கள். பட்டியல் கோப்பைப் பென்டிரைவில் போட்டு எடுத்து வந்தவர்கள், நகலெடுத்து முடிவதற்குள் அதை உருவியிருக்கிறார்கள். பழைய கணினியை அன்று மாலையே ஃபார்மட் செய்து யாருக்கோ கொடுத்தும் விட்டார்கள். கையில் மிச்சம் இருந்தது அந்த அரைகுறைக் கோப்பு மட்டும்தான்.

அதிலிருந்து பெரும்பகுதியை மீட்டோம். மீட்டுத் தந்தது விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் எதுவும் இல்லை. எஸ்க்யூலைட்3 என்ற, கட்டளை வரியில் இயங்கும் இலவசக் கருவி. உங்கள் கையில் இருக்கும் போனின் தொடர்பு எண்கள், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளின் வரலாறு, எத்தனையோ கடைகளின் பில் மென்பொருள்கள் எல்லாம் எஸ்க்யூலைட் கோப்புகளில்தான் வாழ்கின்றன. அந்தக் கோப்பு நன்றாக இருக்கும் நாளிலேயே அதை இறக்கிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். உடைந்த பிறகு கற்றுக்கொள்வது கடினம், கை நடுங்கும்.

தொடங்கும் முன் ஒரு சொல். கட்டளைகளை இங்கே அவற்றின் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். புள்ளி, கோடு, அரைப்புள்ளி போன்ற குறிகளை அப்படியே அடியுங்கள்.

## கருவியைப் பற்றிக் கொஞ்சம்

எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர் ரிச்சர்ட் ஹிப். அமெரிக்கக் கடற்படையின் ஏவுகணைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தபோது, டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் தன் நிரலும் சேர்ந்து படுத்துவிடுகிறதே என்ற எரிச்சலில் பிறந்த யோசனை அது. சர்வரே வேண்டாம், ஒரே கோப்பு போதும், நிரல் நேரடியாக அதைப் படிக்கட்டும் என்றார். முதல் பதிப்பு 2000 ஆகஸ்டில் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் மூன்றாம் பதிப்பின் கோப்பு அமைப்பு 2004இல் வந்தது. அன்று எழுதிய கோப்பை இன்றைய கருவியும் திறக்கும். 2050 வரைக்கும் இந்த அமைப்பை ஆதரிப்போம் என்று அதை உருவாக்குபவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். யாருக்கும் உரிமை இல்லாத பொதுச் சொத்தாக அதை விட்டிருக்கிறார்கள். கணினி உலகில் இவ்வளவு நீண்ட வாக்குறுதி அபூர்வம். நான் இந்தக் கருவியை நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

## படி 1: நிறுவுதல்

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில்:

    சூடோ ஏபிடி இன்ஸ்டால் எஸ்க்யூலைட்3

மேக் கணினியில் ஏற்கெனவே இருக்கும். விண்டோஸில் எஸ்க்யூலைட்டின் அதிகாரபூர்வ தளத்துக்குப் போய், டூல்ஸ் என்று பெயரிட்ட ஜிப்பை இறக்கி ஒரு ஃபோல்டரில் விரித்தால் போதும். இன்ஸ்டால் என்று தனியாக எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் வைத்திருப்பவர்கள் அதிலேயே நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவியதும் பதிப்பைப் பாருங்கள்:

    எஸ்க்யூலைட்3 -வெர்ஷன்

3.29க்குக் கீழே இருந்தால் புதியதை எடுங்கள். உடைந்த கோப்பை மீட்கும் கட்டளை 2019இல் வந்த அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது.

## படி 2: எதையும் தொடும் முன் நகல்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கோப்பைப் பயன்படுத்தும் மென்பொருளை முதலில் மூடுங்கள். பிறகு கோப்பு இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, அதே பெயரில் வால் பிடித்து நிற்கும் துணைக் கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நூலகம்.டிபி என்பது கோப்பானால், அதே பெயரின் கடைசியில் “-ஜர்னல்” என்றோ, “-வால்”, “-எஸ்எச்எம்” என்றோ ஒட்டியிருக்கும். இருப்பவை எல்லாவற்றையும் சேர்த்து வேறொரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

துணைக் கோப்புகள் குப்பை அல்ல. ஜர்னலில் இருப்பவை, மாற்றம் தொடங்கும் முன் இருந்த பழைய பக்கங்கள். பாதி எழுதும்போது மின்சாரம் போனால், அடுத்த முறை திறக்கையில் ஜர்னலைப் பார்த்துத்தான் எஸ்க்யூலைட் பழைய நிலைக்குத் திரும்பும். ஜர்னலை அழித்துவிட்டால் பாதி புதியது, பாதி பழையது என்று கோப்பு அப்படியே உறைந்துவிடும். வால் கோப்பு இதற்கு நேர்மாறு: புதிய மாற்றங்கள் முதலில் அதில்தான் விழுகின்றன. வழக்கமான அமைப்பில் சுமார் 1000 பக்கங்கள் சேர்ந்த பிறகுதான் அவை பெரிய கோப்புக்குப் போகும். மென்பொருளை ஒழுங்காக மூடினாலும் போகும். மென்பொருள் திடீரென்று நின்ற நாளில், அன்றைய வேலை முழுவதும் வாலில் மட்டுமே இருக்கக்கூடும். நான் பழகிய புதிதில் அப்படி ஒரு வால் கோப்பைத் தேவையில்லாதது என்று நினைத்து அழித்தேன். ஒரு மாலை முழுக்க ஒருவர் உட்கார்ந்து பதிந்த உறுப்பினர் விவரங்கள் போயின. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

மென்பொருளை மூடவே முடியாது, அது ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்றால் சாதாரண நகல் வேண்டாம். கருவிக்குள்ளிருந்து .பேக்கப் கட்டளை கொடுத்தால், எழுதுபவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே முழுமையான ஒரு நகலை அது எடுத்துத் தரும்.

இனி செய்யும் எல்லாம் நகலின் மேல்தான்.

## படி 3: தலைப்பகுதியைக் கண்ணால் பார்த்தல்

தொடங்குவோருக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தப் படியைத் தொடுவதில்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த படி. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டால் பைனரிக் கோப்பு என்ற பயம் போய்விடும்.

எஸ்க்யூலைட் கோப்பின் முதல் 100 பைட்டுகள் தலைப்பகுதி. லினக்ஸிலும் மேக்கிலும் அதைப் பத்தடிமான எண்களாகக் காட்ட:

    ஓடி -ஏ டி -டி யூ1 -என் 100 நூலகம்.டிபி

இதில் ஏ, என் இரண்டும் பெரிய எழுத்து. மற்றவை சிறிய எழுத்து. வாசகசாலைக் கோப்பில் முதலில் வந்தவை இவை:

    0000000   83  81  76 105 116 101  32 102 111 114 109  97 116  32  51   0
    0000016   16   0   1   1   0  64  32  32 ...

முதல் வரியின் 16 எண்களும் எந்த எஸ்க்யூலைட் மூன்றாம் பதிப்புக் கோப்பிலும் ஒன்றுதான். அவற்றை எழுத்தாக மாற்றினால் “எஸ்க்யூலைட் ஃபார்மட் 3” என்ற சொற்றொடரும், முடிவில் ஒரு சுழியும். இந்த வரியே வேறாக இருந்தால் அது எஸ்க்யூலைட் கோப்பு அல்ல, அல்லது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அல்லது முதல் பக்கமே சிதைந்துவிட்டது. கருவி அப்போது “ஃபைல் இஸ் நாட் எ டேட்டாபேஸ்” என்று சொல்லும்.

அடுத்த இரண்டு எண்கள் பக்க அளவு. எஸ்க்யூலைட் தன் கோப்பைச் சம அளவுப் பக்கங்களாக வெட்டி வைத்திருக்கிறது, நோட்டுப் புத்தகம் மாதிரி. 16, 0 என்றால் 16 × 256 + 0 = 4096 பைட். 2016 முதல் இதுதான் வழக்கமான அளவு. அதற்கு முன் 1024. அடுத்து வரும் 1, 1 என்பவை ஜர்னல் முறையைக் குறிக்கின்றன. 2, 2 என்றிருந்தால் வால் முறை. 64, 32, 32 என்ற மூன்றும் எல்லாக் கோப்பிலும் அப்படியேதான் இருக்கும்.

இனிதான் முக்கியமானது. சுழியிலிருந்து எண்ணினால் 28ஆம் இடத்திலிருந்து நான்கு எண்கள், கோப்பில் மொத்தம் எத்தனை பக்கங்கள் என்று சொல்பவை. அங்கே இருந்தவை 0, 0, 1, 44. அதாவது 256 + 44 = 300 பக்கங்கள். 300 × 4096 என்றால் கோப்பு 12,28,800 பைட் இருக்க வேண்டும். பட்டியலிட்டுப் பார்த்தேன். இருந்தது 11,96,032. அதை 4096ஆல் வகுத்தால் 292.

எட்டுப் பக்கங்கள் இல்லை. பென்டிரைவை உருவிய கணம் எது என்று அந்தக் கழித்தல் கணக்கே சொல்லிவிட்டது. உள்ளே எழுத்துகள் குழம்பவில்லை, வைரஸ் இல்லை, கோப்பின் கடைசிப் பகுதிதான் வெட்டுப்பட்டிருக்கிறது. நோய் இன்னதென்று தெரிந்தபோது பாதிப் பயம் போய்விட்டது. ஆசிரியரிடம், “ஐயா, முந்நூறு பக்க நோட்டுல கடைசி எட்டுப் பக்கம் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்” என்றேன். அவரும் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஓர் எச்சரிக்கை: 24ஆம் இடத்தில் தொடங்கும் நான்கு எண்களும் 92ஆம் இடத்தில் தொடங்கும் நான்கு எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இந்தப் பக்கக் கணக்கை நம்பலாம். மிகப் பழைய எஸ்க்யூலைட் கடைசியாக எழுதிய கோப்பில் அவை வேறுபடும்.

தமிழ் வைத்திருக்கும் கோப்பானால் இன்னும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். 56ஆம் இடத்து நான்கு எண்கள் 0, 0, 0, 1 என்றிருந்தால் எழுத்துகள் யூடிஎஃப்-8 முறையில் இருக்கின்றன. அந்த முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘அ’ என்பது 224, 174, 133. எந்தத் தமிழ்க் குறியானாலும் 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். இந்த ஜோடி அடுக்கடுக்காக வரும் இடத்தில் தமிழ் வாசகம் இருக்கிறது என்று எண்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். பைனரிக் கோப்பில் எழுத்தைத் தேடித் தரும் ஸ்ட்ரிங்ஸ் என்ற கருவியை நம்பித் தமிழைத் தேட வேண்டாம். வழக்கமான அமைப்பில் அது ஆங்கில எழுத்தை மட்டும்தான் காட்டும். அதைப் பார்த்துவிட்டு “ஒண்ணும் மிஞ்சல” என்று கோப்பைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

## படி 4: கருவிக்குள் நுழைதல்

    எஸ்க்யூலைட்3 -ரீட்ஒன்லி நூலகம்.டிபி

“எஸ்க்யூலைட்>” என்ற அடையாளம் வந்து காத்திருக்கும். இங்கே இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. புள்ளியில் தொடங்குபவை கருவிக்கானவை. அவற்றுக்கு அரைப்புள்ளி வேண்டாம். மற்றவை எஸ்க்யூஎல் வாக்கியங்கள்; அவற்றை அரைப்புள்ளியில்தான் முடிக்க வேண்டும். மறந்தால் கருவி “...>” என்று காட்டிவிட்டு நீங்கள் முடிப்பதற்காகக் காத்திருக்கும். உறைந்துவிட்டது என்று நினைத்துச் சன்னலை மூடாதீர்கள்; ஓர் அரைப்புள்ளி அடித்து என்டர் தட்டினால் போதும்.

    .டேபிள்ஸ்
    .ஸ்கீமா
    .டிபிஇன்ஃபோ

முதலாவது அட்டவணைகளின் பெயரைச் சொல்லும். இரண்டாவது அவற்றின் கட்டமைப்பு. மூன்றாவது, படி 3இல் நாம் விரல்விட்டு எண்ணிய தலைப்பகுதியை விளக்கமாக எழுதிக் காட்டும். வெளியே வர .க்விட்.

வாசகசாலையின் அட்டவணைகளுக்கு நூல்கள், உறுப்பினர், இரவல் என்று தமிழிலேயே பெயர் வைத்திருந்தார்கள். எஸ்க்யூலைட் அதை எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்கும். விண்டோஸில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், கருவியைத் திறக்கும் முன் “சிஎச்சிபி 65001” என்று அடியுங்கள். கோளாறு திரையில்தான், கோப்பில் இல்லை.

-ரீட்ஒன்லி என்ற சொல்லை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், அது இல்லாமல் கோப்பின் பெயரைத் தவறாக அடித்துவிட்டால் கருவி திட்டாது. அந்தப் பெயரில் ஒரு புதிய, வெறுமையான டேட்டாபேஸைத் திறந்து தரும். அடுத்த படியில் வரும் சோதனையை அதில் ஓட்டினால் “ஓகே” என்று பதில் வரும். வெறுமையான கோப்பில் என்ன குறை இருக்க முடியும்? நன்றாக இருக்கிறது என்று நம்பிப் போய்விடுவீர்கள். -ரீட்ஒன்லி இருந்தால் இல்லாத கோப்பைத் திறக்க முடியவில்லை என்று உடனே சொல்லிவிடும். ஒரே ஒரு விதிவிலக்கு: பக்கத்தில் ஜர்னல் கோப்பு இருந்து, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய வேலை பாக்கி இருந்தால், படிக்க மட்டும் திறக்கும்போது கருவி மறுக்கும். நகலில்தானே இருக்கிறீர்கள், அந்தச் சொல்லை எடுத்துவிட்டுத் திறங்கள், திருப்பும் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும்.

## படி 5: சோதனை

    பிராக்மா இண்டெக்ரிட்டி_செக்;

ஓகே என்று ஒரே சொல் வந்தால் பக்கங்கள் ஒழுங்காகக் கோத்திருக்கின்றன, இண்டெக்ஸும் அட்டவணையும் பொருந்துகின்றன என்று பொருள். குறை இருந்தால் வரிவரியாகச் சொல்லும். நீங்கள் எண் எதுவும் குறிப்பிடாவிட்டால் 100 குறைகளோடு நிறுத்திக்கொள்ளும். கோப்பு மிகப் பெரிதாக இருந்து நேரமில்லை என்றால் இண்டெக்ரிட்டி_செக் என்பதற்குப் பதில் க்விக்_செக் போடலாம். இண்டெக்ஸின் உள்ளடக்கம் அட்டவணையோடு பொருந்துகிறதா என்பதை அது பார்க்காது, அதனால்தான் வேகம்.

வரும் செய்திகளில் இரண்டு வகையைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். “ரோ 17 மிஸ்ஸிங் ஃப்ரம் இண்டெக்ஸ்” என்றோ, இண்டெக்ஸில் எண்ணிக்கை தவறு என்றோ வந்தால் பதற வேண்டாம். இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு போல. அது கெட்டாலும் புத்தகம் கெடவில்லை. ரீஇண்டெக்ஸ் என்ற ஒரே கட்டளையில் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் குறிப்பிட்ட பக்கத்தைப் படிக்க முடியவில்லை, வரிசை எண்கள் தாறுமாறு, ஒரே பக்கத்தை இருவர் உரிமை கொண்டாடுகிறார்கள் என்ற மாதிரிச் செய்திகள் வந்தால் அடிபட்டது உங்கள் விவரங்கள்தான். நேராகப் படி 8க்குப் போங்கள்.

ஓகே என்ற சொல்லுக்குத் தரவேண்டிய மதிப்பை மட்டும் தாருங்கள். கோப்பின் உடல் நலம் என்றுதான் அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரி என்று சொல்லவில்லை. இரவல் அட்டவணையில் இருக்கும் உறுப்பினர் எண், உறுப்பினர் அட்டவணையில் இல்லாமல் போயிருந்தால் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்குத் தனியாக உண்டு:

    பிராக்மா ஃபாரின்_கீ_செக்;

ஒன்றும் காட்டாமல் அடுத்த வரிக்கு வந்தால் குறையில்லை. ஆனால் அட்டவணைகளை உருவாக்கும்போதே இது அதைச் சார்ந்தது என்று எழுதிவைத்திருந்தால்தான் இதனால் பயன். பல மென்பொருள்களில் எழுதுவதில்லை; .ஸ்கீமாவில் ரெஃபரன்ஸஸ் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## படி 6: டம்ப்

டம்ப் என்றால் கொட்டுதல். பைனரியாக இருக்கும் முழுக் கோப்பையும் மனிதர் படிக்கும் எழுத்தாகக் கொட்டித் தரும் கட்டளை இது. கருவிக்குள் இருந்தபடி:

    .அவுட்புட் நூலகம்.எஸ்க்யூஎல்
    .டம்ப்
    .அவுட்புட்

முதல் வரி, இனி வருவதைத் திரையில் காட்டாமல் இந்தக் கோப்பில் எழுது என்கிறது. மூன்றாவது, மீண்டும் திரைக்கு வா என்கிறது. லினக்ஸ்காரர்கள் வெளியிலிருந்தே > குறி போட்டு ஒரே வரியில் முடிப்பார்கள். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் அதைச் செய்யாதீர்கள். அந்தக் குறி வழியாகப் போகும்போது பவர்ஷெல் எழுத்து முறையை மாற்றிவிடும். ஆங்கிலம் தப்பிக்கும், தமிழ் சிதறும். .அவுட்புட் எங்கேயும் பாதுகாப்பானது.

வந்த கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள்:

    பிராக்மா ஃபாரின்_கீஸ்=ஆஃப்;
    பிகின் ட்ரான்ஸாக்‌ஷன்;
    கிரியேட் டேபிள் நூல்கள்(எண் இன்டீஜர் பிரைமரி கீ, தலைப்பு டெக்ஸ்ட், இடம் டெக்ஸ்ட், ஆண்டு இன்டீஜர்);
    இன்சர்ட் இன்டு "நூல்கள்" வேல்யூஸ்(17,'தோட்டக்கலை','அலமாரி 3',1998);
    ...
    காமிட்;

பதினேழாவது புத்தகம் எது, எந்த அலமாரியில், எந்த ஆண்டுப் பதிப்பு என்று எந்த மென்பொருளும் இல்லாமல் படிக்க முடிகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் பட்டியல் மென்பொருளை எழுதிய நிறுவனம் இல்லாமல் போனாலும் இந்த வரி இருக்கும். படம் போன்ற பைனரி விவரங்கள் எக்ஸ் என்ற எழுத்தும் மேற்கோள் குறிக்குள் நீண்ட எண்ணெழுத்துக் கோவையுமாக வரும், அதைத் தொடாதீர்கள்.

கடைசி வரியைக் கட்டாயம் பாருங்கள். காமிட் என்றிருந்தால் டம்ப் முழுமையாக முடிந்தது. ரோல்பேக் என்றிருந்தால் நடுவில் ஏதோ தவறியிருக்கிறது. மேலே தேடினால் நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் கரப்ஷன் எர்ரர் என்று ஒரு வரி கிடைக்கலாம். அப்படிப்பட்ட டம்பை ஏற்றினால் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுக் கடைசி வரியில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடும். கிடைத்தவரை வேண்டுமென்றால் கடைசி வரியைக் கையால் காமிட் என்று மாற்றுங்கள், என்ன போனது என்று குறித்து வைத்துக்கொண்டு.

ஓர் அட்டவணை மட்டும் போதுமென்றால் .டம்ப் என்ற சொல்லுக்குப் பின் அதன் பெயர்.

## படி 7: டம்பைத் திரும்ப ஏற்றிப் பார்த்தல்

ஏற்றிப் பார்க்காத டம்பை நான் காப்புப் பிரதியாக எண்ணுவதில்லை. புதிய பெயர் ஒன்றில் கருவியைத் திறந்து, .ரீட் கட்டளையால் டம்ப் கோப்பைப் படிக்கச் சொல்லுங்கள்:

    எஸ்க்யூலைட்3 புதிது.டிபி
    .ரீட் நூலகம்.எஸ்க்யூஎல்
    பிராக்மா இண்டெக்ரிட்டி_செக்;

பிறகு பழையதிலும் புதிதிலும் ஒவ்வோர் அட்டவணையின் வரி எண்ணிக்கையை எடுத்து ஒப்பிடுங்கள். இன்னும் உறுதி வேண்டுமா? இரண்டிலும் .ஷா3சம் என்று கொடுங்கள். உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட கோவை வரும். இரண்டும் ஒன்றானால் அட்டவணைகளில் இருப்பது எழுத்துக்கு எழுத்து ஒன்று. கோப்பின் பைட் அளவு வேறாக இருக்கலாம். பழையதில் காலியான பக்கங்கள் கிடந்திருக்கும், புதிதில் இருக்காது. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

## படி 8: உடைந்த கோப்பிலிருந்து மீட்டல்

வாசகசாலைக் கோப்பில் எந்தக் கட்டளைக்கும் மால்ஃபார்ம்டு என்ற பதிலே வந்தது. தலைப்பகுதி 300 பக்கம் என்கிறது, கோப்பில் 292தான் இருக்கிறது, ஆகவே திறக்கவே மாட்டேன் என்கிறது எஸ்க்யூலைட். அதன் பிடிவாதம் நியாயமானதுதான். இந்த நிலைக்கென்றே உள்ள கட்டளை:

    .அவுட்புட் மீட்பு.எஸ்க்யூஎல்
    .ரிகவர்
    .அவுட்புட்

.டம்ப் முன்வாசல் வழியாகப் போய்க் கேட்கும். .ரிகவர் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு பக்கமாக எடுத்து, இது அட்டவணையின் பக்கமா, இதில் என்ன வரிகள் என்று தானே படித்துச் சேர்க்கும். எந்த அட்டவணைக்குச் சொந்தம் என்று தெரியாத வரிகளை “லாஸ்ட்_அண்ட்_ஃபவுண்ட்” என்ற தனி அட்டவணையில் போடும். அதில் பக்க எண், வரி எண், பிறகு சி0, சி1, சி2 என்று பெயரில்லாத நெடுவரிசைகள் இருக்கும். மூன்றாவது ஒரு வருடம் மாதிரி இருக்கிறதே, இரண்டாவது அலமாரி எண் மாதிரி இருக்கிறதே என்று நாமே பார்த்துப் பொருத்த வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை.

இந்தக் கட்டளைக்குக் கருவி மறுப்புத் தெரிவித்தால், உங்களிடம் உள்ள தொகுப்பில் அந்த வசதி சேர்க்கப்படாமல் இருக்கலாம். அதிகாரபூர்வ தளத்தின் கருவியைப் பயன்படுத்துங்கள்.

ஒன்றில் கவனம் வேண்டும். எஸ்க்யூலைட்டில் ஒரு வரியை அழித்தால், அந்த இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர, எழுத்து அங்கேயே கிடக்கும். .ரிகவர் காலிப் பக்கங்களையும் தோண்டுவதால், என்றோ அழித்த வரிகள் உயிர்பெற்று வரலாம். விலகிப் போன உறுப்பினர்கள் மூன்று பேர் எங்கள் பட்டியலில் அப்படி வந்து நின்றார்கள். அது வேண்டாமென்றால் கட்டளையோடு --இக்னோர்-ஃப்ரீலிஸ்ட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தவருக்குக் கோப்பைக் கொடுக்கும் முன் வேக்யூம் கட்டளை ஓட்டி அந்தக் காலிப் பக்கங்களைக் களைந்துவிடுவது நல்லது. அழித்துவிட்டோம் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது பலருடைய சொந்த விவரம்.

மீட்பு முடிந்து எண்ணியபோது நூல்கள் அட்டவணையில் கடைசியாகச் சேர்ந்த நாற்பது சொச்சம் வரிகளும், இரவல் அட்டவணையின் கடைசிப் பகுதியும் இல்லை. கிழிந்த எட்டுப் பக்கங்களில் இருந்தவை அவை. ஆசிரியர் ஒரு நீளமான காகிதப் பதிவேட்டை எடுத்து வந்தார். கணினி வந்த பிறகும் அவர் எழுதுவதை நிறுத்தியிருக்கவில்லை. அவர் வாசிக்க வாசிக்க நான் பதிந்தேன். இரண்டு மாலைகளில் முடிந்தது.

## படி 9: வாரம் ஒருமுறை

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் அந்தக் கணினியில் சோதனையும் டம்பும் ஓடுகின்றன. தேதியைப் பெயரில் சேர்த்து, எழுத்துக் கோப்பை ஜிப்பாக்கி வேறொரு டிஸ்க்கில் வைக்கிறோம். எழுத்து என்பதால் நன்றாகச் சுருங்குகிறது. முடிவில் காமிட் என்ற வரி இருக்கிறதா என்று ஆசிரியரே திறந்து பார்க்கிறார். நெட்வொர்க்கில் பகிர்ந்த ஃபோல்டரில் கோப்பை வைத்து இரண்டு கணினிகளிலிருந்து திறக்கும் யோசனை ஒன்று இருந்தது. வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஒருவர் எழுதும்போது மற்றவரை நிறுத்திவைக்கும் பூட்டு, பல நெட்வொர்க் ஃபோல்டர்களில் ஒழுங்காக வேலை செய்யாது. எஸ்க்யூலைட் கோப்புகள் சிதைவதற்கு அது ஒரு நன்கு தெரிந்த வழி.

மாதம் ஒருமுறை டம்பைத் திரும்ப ஏற்றி, அதில் பட்டியல் மென்பொருளையும் திறந்து பார்க்கிறோம். முதல் ஒத்திகையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. சோதனை ஓகே, எண்ணிக்கை சரி, கைரேகையும் ஒன்று. ஆனால் மென்பொருள் திறக்க மறுத்தது. நூல்கள் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது என்று புகார் சொன்னது. மீண்டும் தலைப்பகுதிக்குத்தான் போனேன். 60ஆம் இடத்து நான்கு எண்கள் யூசர்_வெர்ஷன் என்ற குறிப்பு. பல மென்பொருள்கள், ஆண்ட்ராய்டு செயலிகளும்கூட, தங்கள் பதிப்பு எண்ணை அங்கேதான் எழுதிவைக்கின்றன. .டம்ப் அதை எடுத்துச் செல்வதில்லை. பழைய கோப்பில் 0, 0, 0, 7 இருந்தது; புதிதில் நான்கும் சுழி. சுழியைப் பார்த்த மென்பொருள் இது புத்தம் புதிய டேட்டாபேஸ் என்று நினைத்து அட்டவணைகளை முதலிலிருந்து உருவாக்கப் போயிருக்கிறது.

    பிராக்மா யூசர்_வெர்ஷன்=7;

இந்த வரியைக் கொடுத்ததும் பட்டியல் திறந்தது. இப்போது ஒவ்வொரு டம்ப் கோப்பின் முடிவிலும், காமிட்டுக்கு அடுத்து, இந்த வரியையும் தானாகவே சேர்க்கும்படி செய்துவைத்திருக்கிறோம்.